கேட்டில் கட்டிய துணி

நெய்வேலி, 11ஆம் பிளாக்
5.6.1979

சந்திராவுக்கு அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்து கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள்.

விஷயம் இதுதான். குண்டடத்தில் அப்பா தனியாக இரண்டு மாட்டையும் கட்டிக்கொண்டு, தானே பொங்கித் தின்று, பாதி நாள் தின்னாமலும் கிடக்கிறார். இந்த மாதம் 30ஆம் தேதிக்கு மேல் அம்மா இங்கே இருக்க முடியாது. அக்காவின் லீவும் இந்த மாதத்தோடு சரி. ஜூலை இரண்டாம் தேதி ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் உட்காராவிட்டால் வேலை போய்விடும். மாமாவுக்கோ ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. பால்வாடியில் கைக்குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் பகலில் பாப்பாவை வைத்துக்கொள்ள நம்பிக்கையான பொம்பளை ஒருத்தியைத் தேடுகிறோம். ஆள் கிடைக்காவிட்டால், கிடைத்தும் சரிப்படாவிட்டால், நீ படிப்பை நிறுத்திவிட்டு இங்கே வந்துவிட வேண்டியது. பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பொம்பளைப் பிள்ளை கோயம்புத்தூர் வரைக்கும் போய்த்தான் செடிகொடியைத் தெரிந்துகொள்ள வேண்டுமா, நம் வீட்டில் முருங்கை மரம் இல்லையா.

இப்படிக்கு அம்மா (கைநாட்டுக்குப் பதில் அக்கா கை)

பி.கு. அம்மா சொன்னதை எழுதினேன். நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. தமயந்தி.


கோயம்புத்தூர், பெண்கள் விடுதி
11.6.1979

அன்புள்ள அக்கா,

தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். சாம்பாரில் பருப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மற்றபடி நானும் என் மூக்கு மேல் வந்திருக்கிற பருவும் சௌக்கியம். பாப்பாவின் இரண்டு பல்லுக்கும் தனித்தனியாக முத்தம் கொடு. கடித்தால் எனக்கு எழுது.

முருங்கை மரத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அக்கா, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வர இஷ்டமில்லை. பாப்பா மேல் கொள்ளை ஆசைதான். ஆனால் போன வாரம்தான் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தினமும் உரிக்கிற வெங்காயத்துக்குள்ளே அத்தனை அறைகள் கட்டியிருக்கிறது! நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் நான். இதை விட்டுவிட்டு வந்தால் மறுபடி யாராவது அனுப்புவார்களா? அம்மா அப்படிச் சொன்னபோது உன் பேனா ஒரு இடத்திலாவது நின்றதா?

சரி, ஒப்பாரி போதும். நல்ல ஆள் கிடைப்பதில்தான் என் பிழைப்பு இருக்கிறது. அதனால் நான் சொல்கிறபடி தேடு. சொல்லிவிட்டுப் போகாதே, சொல்லாமல் போ. காலை பதினொரு மணிக்குப் போ, அப்போதுதான் வேலையும் குழந்தையும் ஒன்றாகப் பிடுங்கும் நேரம். அடுப்பு தரையிலா மேடையிலா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மருந்து பாட்டில் எந்த உயரத்தில் என்று பார். அங்கே ஏற்கெனவே இருக்கிற குழந்தைகள் அவளைக் கண்டால் கிட்டே வருகின்றனவா, ஒதுங்குகின்றனவா? கடைசியாக, எல்லோரிடமும் ஒரே கேள்வி கேள்: குழந்தை அழுகையை நிறுத்தாவிட்டால் என்ன செய்வீர்கள்? பதிலை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பு, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

மாமாவுக்கு வணக்கம். மூக்கோடு நிற்கும்,
சந்திரா


நெய்வேலி
27.6.1979

அடி துப்பறியும் சந்திரா,

இந்த வெயிலில் உயிரோடு இருப்பதே பெரிய சௌக்கியம். பாப்பா கடித்தாள், உனக்கு எழுதிவிட்டேன்.

நீ சொன்னபடியே சொல்லாமல் போனேன். முதல் வீட்டில் அந்த அம்மாள் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசி டப்பா தரையில் திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு குழந்தை பட்டனைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் கேள்வியே கேட்கவில்லை, திரும்பிவிட்டேன்.

அடுத்தது செல்லக்கிளி என்று ஒருத்தி. பக்கத்துக் கிராமமான வடக்குத்துக் காலனியிலிருந்து நடந்து வருகிறாள், புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. பின்தெருவில் ஒரு நர்ஸம்மா வீட்டுத் தோட்டத்தில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். போனால் ஒரே களேபரம். பலாமரத்தடியில் ஒன்று தட்டைத் தட்டுகிறது, இன்னொன்று தலையிலிருந்து கால் வரை மண். அவள் அதுகளை விட உரக்கக் கத்திப் பாடுகிறாள். உன் கேள்வியைக் கேட்டேன். "அழுவாத புள்ள எங்கனா இருக்குதாம்மா? அழுதா தூக்கிக்கினு ரெண்டு சுத்து சுத்துவேன். அப்பியும் அழுதா அழுதுகினு இருக்கட்டும், நானும் கூடவே குந்திக்கினு இருப்பேன்" என்றாள். இது ஒரு பதிலா? சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தாகமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேரே நாகம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் பிளாக்கிலேயே நாலாவது வீடு. அவர்கள் மூலனூர்க்காரர்கள், நம் குண்டடத்துப் பக்கம்தான்! "வாங் கண்ணு" என்று அவர்கள் சொன்னதும் எனக்கு ஊருக்கே போன மாதிரி இருந்தது. மோர் கொடுத்தார்கள், இரண்டு டம்ளர் குடித்தேன். அடுப்பு மேடையில், தொட்டிக்கு மூடி, மருந்து அலமாரி மேல்தட்டில். தரையில் சோறு கொட்டித் தின்னலாம், அவ்வளவு சுத்தம். இரண்டு குழந்தைகள் பாயில் பொம்மை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தன. உன் கேள்விக்கு, "எங்கூட்டுல கொழந்தைக அழுவறதே இல்லீங் கண்ணு" என்றார்கள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய வார்த்தை தெரியுமா? இங்கே ஒரு வழக்கம். வீட்டு ஆண் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கினால், பெண்டாட்டி கேட் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிடுவாள். அதைப் பார்த்தால் கீரைக்காரி கூவ மாட்டாள், தபால்காரர் மணி அடிக்க மாட்டார். மாமாவின் நைட் வாரத்தில் நானும் கட்டுவேன். தெரு முழுக்க வாயை மூடும், உன் பாப்பா மட்டும் மூட மாட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான் ரோட்டில் அலைந்த பகல்கள் எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு நாகம்மாள் அக்கா வீட்டுக் கேட்டிலும் துணி கட்டியிருந்தது. உள்ளே மூன்று குழந்தை வேண்டுமானாலும் இருக்கலாம், மூச்சுச் சத்தம் இல்லை. அப்படிப்பட்ட கைராசி.

முடிவு செய்தாகிவிட்டது. அம்மாவுக்கும் திருப்தி. நீ வெங்காயம் உரி.

அன்புடன்,
தமயந்தி


கோயம்புத்தூர்
1.7.1979

என் தெய்வமே, அக்காவே,

உன் கடிதம் வந்ததும் அறைத்தோழியைத் தூக்கிச் சுற்றினேன். அவள் கொஞ்சம் கனம், இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பைத் தவிர சுகம். அம்மா இன்றைக்கு ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். பாப்பாவுக்கு ஏக்கம் வராமல் பார்த்துக்கொள்.

எனக்கு இரண்டு சந்தேகம், திட்டாதே. காலை பதினொரு மணிக்கு இரண்டு குழந்தையும் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கும்? எங்கள் ஹாஸ்டலில் அந்த நேரத்தில் தூங்கக்கூடியவர் வார்டன் ஒருவர்தான். இரண்டாவது, ஒரே நாள், ஒரே வெயில். ஒரு வீட்டில் தாகமில்லை, அடுத்த வீட்டில் இரண்டு டம்ளர் மோரா? செல்லக்கிளியை வேண்டாம் என்றதற்கு மண்தான் காரணமா?

எனக்கு வேலை ஆகிவிட்டது, நான் ஏன் வாயைக் கொடுக்கிறேன்! இருந்தாலும் கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பாப்பா என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எடை எத்தனை என்று தேதி போட்டு எழுது. செடிக்கே நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம்.

இடுப்பைப் பிடித்தபடி,
சந்திரா


நெய்வேலி
24.7.1979

சந்திரா,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபிக்காதே. காலையில் ஓடுகிறேன், சாயங்காலம் ஓடுகிறேன், நடுவில் டைப் அடிக்கிறேன். பாதத்தில் வெடிப்பு, வேறு குறையில்லை. உன் இடுப்பு நேரானதா?

தேதி கேட்டாயே, எடுத்துக்கொள். ஜூலை 2ஆம் தேதி பாப்பாவை விட்டேன். முதல் வாரம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். இரண்டாம் வாரம் பரவாயில்லை, சாயங்காலம் கூப்பிடப் போனால் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டாள். 16ஆம் தேதி ஆரம்பித்த மூன்றாம் வாரம்தான் தங்கம்! அழுகையே இல்லை. நான் தூக்கி வரும்போதும் தூக்கம், வீட்டுக்கு வந்தும் தூக்கம். நான் நிம்மதியாகச் சமைத்தேன், மாமா ரேடியோ கேட்டார். நேற்றிலிருந்து மறுபடி பழைய வாலுத்தனம்.

எடை ஜூனில் ஏழரை கிலோ. இந்த மாதம் பார்க்கவில்லை. நாகம்மாள் அக்கா குணத்துக்கு ஈடே இல்லை. அவர்கள் வீட்டுக்காரர் மருதாசலம் அண்ணன் மைன்ஸில் பெரிய மண்வெட்டி மெஷின் ஓட்டுகிறார். பாவம், சுண்டைக்காயளவு சத்தம் கேட்டாலும் விழித்துக்கொள்வாராம். நைட் வாரத்தில் ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, பாத்திரத்தைக் கூடத் துணி விரித்துத்தான் கழுவுகிறார்கள்.

வேறு விசேஷமில்லை. ஆபீஸில் கூப்பிடுகிறார்கள்.
தமயந்தி


கோயம்புத்தூர்
2.8.1979

அன்பு அக்காவுக்கு,

இடுப்பு நேரானது, இப்போது ஜலதோஷம். உன் பாத வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவு.

என் இரண்டு சந்தேகத்தில் ஒன்றுக்கும் நீ பதில் எழுதவில்லை. போகட்டும். மூன்றாவது ஒன்று முளைத்திருக்கிறது. அந்தத் தங்கமான வாரத்தில் மருதாசலம் அண்ணனுக்கு எந்த ஷிப்ட்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். கேட்டில் துணி இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பார். அப்படியே பாப்பாவை ஒரு தராசில் உட்கார வை.

தும்மலுடன்,
சந்திரா


நெய்வேலி
2.9.1979

சந்திரா கண்ணு,

ஜலதோஷம் போயிருக்கும். வேப்பெண்ணெய் தடவினேன், மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் நலம்.

ஆபீஸில் புது சூப்பரின்டெண்ட் வந்திருக்கிறார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு நாள் கூட லீவு போடாதவள் என்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. எல்லாம் நாகம்மாள் அக்கா புண்ணியம்.

பாப்பா ஆகஸ்ட் 6ஆம் தேதி வாரம் மறுபடி தங்கம். அப்புறம் இரண்டு வாரம் ரௌடி. போன 27ஆம் தேதியிலிருந்து இந்த சனிக்கிழமை வரை திரும்பவும் சாது. ஆமாம், அப்போதெல்லாம் அவர்கள் கேட்டில் துணி இருந்தது. வீடு அமைதியாக இருந்தால் குழந்தையும் அமைதியாக இருக்கிறது, இதில் என்ன அதிசயம்? எடை ஏழு கிலோ அறுநூறு. பல் வருகிற நேரம், சரியாகச் சாப்பிட மாட்டாள். வாயில் ஜாதிக்காய் வாசனை வந்தது, கேட்டேன். உரைமருந்து கொடுக்கிறார்களாம். நல்லதுதானே. தலைக்கு ஊற்றும் அன்றைக்கு நம் அம்மாவும் ஜாதிக்காயைக் கல்லில் இரண்டு உரை உரைத்து நாக்கில் தடவுவாளே.

நீ பாடத்தைப் படி. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.
தமயந்தி


கோயம்புத்தூர்
8.9.1979

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும், பாப்பா அதை விட.

இதை உட்கார்ந்து படி. உன் கடிதங்களை எல்லாம் பரப்பி வைத்து, ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டு, நீ எழுதிய தேதிகளைக் குறித்தேன். தங்கமான வாரங்கள் ஜூலை 16, ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 27. சரியாக மூன்று வாரத்துக்கு ஒரு தரம். பல் மூன்று வாரத்துக்கு ஒரு தரமா வரும்? நைட் ஷிப்ட்தான் அப்படி வரும். நீ முதன்முதலில் போன அன்றும் துணி கட்டியிருந்தது, அன்றைக்கும் பட்டப்பகலில் இரண்டு குழந்தைகள் பொம்மை மாதிரிக் கிடந்தன.

அம்மா தடவுவது இரண்டு உரை, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். பாப்பாவுக்கு எத்தனை உரை, நாளைக்கு எத்தனை தரம்? எங்கள் மேடத்திடம் யாரோ குழந்தை என்று சொல்லிக் கேட்டேன். அளவு மீறினால் ஜாதிக்காய் மயக்கம் கொடுக்கும், கைக்குழந்தைக்கு ரொம்ப ஆபத்து என்றார். மூன்று மாதத்தில் அவளுக்கு நூறு கிராம்தான் ஏறியிருக்கிறது, அக்கா. தூங்கியே பட்டினி கிடக்கிறாளோ என்று பயமாயிருக்கிறது.

என் கணக்கு சரியாக இருந்தால் அடுத்த நைட் வாரம் 17ஆம் தேதி. அதற்கு முன்னால் பாப்பாவை அங்கே விடுவதை நிறுத்து. நிறுத்தினால் அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

சந்திரா


நெய்வேலி
28.9.1979

சந்திராவுக்கு,

பாப்பா பிழைத்துக்கொண்டாள். மற்றதை இதற்குக் கீழே எழுதுகிறேன்.

20ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் தூக்கி வந்தேன். தலை தோளில் நிற்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கண் திறக்கவில்லை. உள்ளங்காலைக் கிள்ளினேன், சிணுங்கக்கூட இல்லை. மாமா சைக்கிளை எடுக்க, நான் செருப்பில்லாமல் ஓடினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை! மறுநாள் விடியும்போது வீறிட்டு அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்காக நான் வார்டிலிருந்த நர்ஸ் காலில் விழுந்திருப்பேன்.

நாகம்மாள் அக்காவிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ஒரு தரத்துக்கு இருபது உரையாம், நாளைக்கு மூன்று தரமாம். "வெசமா குடுத்தேனுங் கண்ணு? ஜாதிக்காய்தானுங்களே. எம் புள்ளைக ரெண்டுக்கும் குடுத்துத்தான் வளத்துனேன். அவரு ரா முச்சூடும் அந்த ராச்சஸ மெஷின்ல உக்காரோணும். பகல்ல தூக்கங் கெட்டுப் போயி அங்க கண்ணசந்தாருன்னா, என்ற தாலிக்கு ஆருங்க பதில் சொல்றது?" என்று அழுதார்கள். நானும் அழுதேன். திட்டலாம் என்று போனவள் திட்டாமல் வந்தேன். மற்ற இரண்டு தாய்மார்களிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தி உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தி "என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறாள்.

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. உள்ளே நீ போட்ட தேதி 8. மேலே தபால் முத்திரை 24. கோயம்புத்தூரில் முத்திரை குத்தப் பதினாறு நாள் ஆகுமா?

பதினைந்து நாள் சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை.

தமயந்தி


கோயம்புத்தூர்
3.10.1979

அக்கா,

என் சுகத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பாப்பா இப்போது சாப்பிடுகிறாளா?

தபால்காரர் மேல் தப்பில்லை. கடிதத்தை 8ஆம் தேதியே ஒட்டிவிட்டேன். ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசல் பெட்டி வரைக்கும் தினமும் போனேன். பெட்டியில் போட்டால் நாகம்மாள் அக்கா வேண்டாம் என்று ஆகும். வேறு ஆள் இல்லை என்று ஆகும். அப்புறம் சந்திரா மூட்டை கட்ட வேண்டும். என் கணக்கு தப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று 17ஆம் தேதியும் வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் போடவில்லை, அக்கா. 24ஆம் தேதி பெட்டிக்குள் தள்ளிவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று கையை விட்டுப் பார்த்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

படிப்பை நிறுத்த அலுவலகத்தில் மனு எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை பிரின்சிபால் கையெழுத்துப் போடுவார். டிரங்குப் பெட்டி கட்டியாயிற்று. 15ஆம் தேதி அங்கே இருப்பேன். அம்மா சொல்லி வரவில்லை, யாரும் கூப்பிட்டும் வரவில்லை. பாப்பாவுக்கு நான் பட்ட கடன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, பாப்பாவை என் கையில் கொடுத்தால் போதும்.

சந்திரா


நெய்வேலி
5.10.1979

அடி பைத்தியமே,

அவசரமாக எழுதுகிறேன், எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடுகிறேன். பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முந்நூறு கிராம் ஏறிவிட்டாள். எனக்குக் கழுத்து வலி, அவளைத் தூக்கித்தான்.

அந்த மனுவை முதலில் திரும்ப வாங்கு. அப்புறம் இதைப் படி.

28ஆம் தேதி உனக்குக் கோபமாக எழுதிவிட்டு, அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. நீ பதினாறு நாள் வாயை மூடினாய். நான் எத்தனை நாள் மூடினேன் தெரியுமா? ஆகஸ்ட் பத்தாம் தேதியே அந்த உரைகல்லைப் பார்த்தேன். நனைந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் உரைக்கிற கல் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியாதா? கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேலையை விட வேண்டும். அதனால் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்குகிற பிள்ளையைத் தங்கம் தங்கம் என்று உனக்கு எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. உன் பேனா எங்காவது நின்றதா என்று கேட்டாய். நின்றது. ஜூனில் அம்மா சொன்னது, "சந்திரா பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும், பாவம் அவ படிக்கட்டும்" என்று. அதோடு சரி. படிப்பை நிறுத்து என்பதும், பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் என் கை. அந்த முருங்கை மரம் கூட என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள், நீ காலேஜ் போனது எனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது. இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நேற்று செல்லக்கிளியிடம் போனேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. இந்தத் தடவை கேள்வி கேட்டது அவள். "அன்னிக்கு வந்தீங்க, பாத்தீங்க, போயிட்டீங்க. மண்ணு இருக்குதுன்னா போனீங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். "வடக்குத்துலேர்ந்து வர்றவ கையால உங்க புள்ள சோறு துன்னுமா? நான் மோந்து குடுக்குற தண்ணிய குடிக்குமா? அத மொதல்ல சொல்லுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சின்னா எனக்குத் தாங்காது. நானும் ஆளு பாத்துத்தாம்மா புள்ளைய வாங்குவேன்" என்றாள்.

குடிப்பாள் என்றேன்.

"நீங்க?"

சொம்பை நீட்டினாள். குடித்தேன், சந்திரா. வாயை வைத்து, முழுச் சொம்பும். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குள் உன் பாப்பா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி மண்ணில் உட்கார்ந்து ஒரு பலாக்கொட்டையை வாயில் போடப் போனாள். செல்லக்கிளி ஒரே எட்டில் வந்து விரலை விட்டு எடுத்துப் போட்டாள். பாப்பா ஊரே அதிர அழுதாள். "அழு, அழு, நல்லா அழு" என்று அவள் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் பாப்பா அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து நான் ஆபீஸ் போகிறேன். இந்த வாரம் மாமாவுக்கு நைட். கேட்டில் துணி கட்டவில்லை, அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கட்டும். நீ ரெக்கார்டு நோட்டை எடு. உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உன் அக்கா,
தமயந்தி


கோயம்புத்தூர்
8.10.1979

அன்புள்ள அக்கா,

உன் கழுத்து எப்படி? எனக்கு இன்றைக்குத்தான் பசித்தது.

உன் கடிதம் காலையில் வந்தது. படித்ததும் உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. முருங்கை மரத்தை நினைத்து நினைத்துத் தட்டிலிருந்த சாம்பார் முழுவதையும் கொட்டிவிட்டேன். அப்புறம் பெட்டிக்குள் விட்ட என் கை ஞாபகம் வந்தது. கோபத்தை வைக்க இடமில்லை. பிரின்சிபால் அறைக்கு ஓடினேன், மனுவில் இன்னும் கையெழுத்து விழவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டேன். தீபாவளிக்கு வருகிறேன், நாலு நாள்தான். டிரங்குப் பெட்டி வராது, பையோடு வருகிறேன்.

செல்லக்கிளிக்கு எத்தனை பிள்ளைகள்? மரத்தடியில் உரக்கப் பாடுவாள் என்றாயே, என்ன பாட்டு? நமக்குத் தெரிந்ததா, அவளே கட்டியதா? பாப்பா மண்ணைத் தின்றாளா, எவ்வளவு தின்றாள்? நான் வந்தால் எனக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்குமா, இல்லை என்னையும் கேள்வி கேட்டுத்தான் கொடுப்பாளா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும், போன தடவை மாதிரி விழுங்காதே.

மணி மூன்றரை. நாலு மணிக்குப் பெட்டி திறப்பார்கள். இதை ஒட்டியதும் கீழே போய்ப் போட்டுவிடுவேன். கடிதம் வந்ததும் முதலில் முத்திரையைப் பார்.

சந்திரா